மூன்று சுழி ணகரமும் ஒரு கைப்பேசித் திரையும்

ஜொகூர் மாநிலத்தின் சிகாமட் மாவட்டத்தில், லாபிஸுக்கும் பெக்கோக்கிற்கும் பக்கத்தில் இருக்கிறது சாஆ. செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த சிறு நகரம். மலேசியாவின் பல சிற்றூர்களைப் போல இங்கும் மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் என எல்லாம் புழங்குகின்றன. மலாய்க்கு மட்டும் ரோமன் எழுத்தான ரூமி, அரபு வழி எழுத்தான ஜாவி என இரண்டு எழுத்து முறைகள். ஊரின் பெயரையே மாதிரியாக எடுத்துக்கொள்ளலாம். ரூமியில் அது ஐந்து எழுத்து. சீனத்தில் வேறொரு பெயர், மூன்று எழுத்து. ஜாவியில் வலமிருந்து இடமாகச் செல்லும். தமிழில் சகரம், ஒரு கால், பிறகு ஓர் ஆகாரம்.

இந்த நான்கையும் ஒரு கைப்பேசித் திரையில், இணைய உலாவிகளின் இயல்பான அளவான 16 பிக்சலில், ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துப் பாருங்கள். எண் ஒன்றுதான்; கண்ணுக்கு நான்கும் நான்கு விதம். சீன எழுத்து தன் சதுரத்தை நிரப்பிக்கொண்டு பெரிதாகத் தெரியும். ரூமி நடுத்தரமாக நிற்கும். ஜாவி சிறுத்துத் தெரியும். தமிழோ அகலத்தில் பரவி, உள்ளே கோடுகள் நெருங்கிச் சற்றுக் கறுத்துத் தெரியும்.

பன்மொழித் திரை வடிவமைப்பில் தமிழுக்கு நேரும் சங்கடங்களில் பாதிக்கு வேர் இங்கேதான் இருக்கிறது. எல்லா மொழிக்கும் ஒரே எண்ணைக் கொடுத்துவிட்டால் எல்லா மொழிக்கும் ஒரே நியாயம் செய்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம். அந்த எண் எதை அளக்கிறது என்று கேட்பதில்லை.

எண் எதை அளக்கிறது?

எழுத்துருவின் அளவு என்பது எழுத்தின் உயரம் அன்று. ஈய எழுத்து கோத்த காலத்தில், எழுத்து எந்தக் கட்டையின் தலையில் வார்க்கப்பட்டிருந்ததோ அந்தக் கட்டையின் உயரத்தையே அளவாகச் சொன்னார்கள். கணினி வந்து கட்டை மறைந்த பிறகும் கணக்கு மாறவில்லை. இப்போது அது கண்ணுக்குத் தெரியாத ஒரு கட்டம். அந்தக் கட்டத்துக்குள் எழுத்து எவ்வளவு இடத்தை நிரப்ப வேண்டும் என்பது முழுக்க வடிவமைப்பாளரின் விருப்பம். ரூமி எழுத்துகளிலேயே, சிறிய ‘எக்ஸ்’ எழுத்தின் உயரம் டைம்ஸ் நியூ ரோமனில் கட்டத்தின் 45 விழுக்காடு அளவில் இருக்கும். வெர்டானாவில் ஏறத்தாழ 55. ஒரே மொழிக்குள்ளேயே இவ்வளவு வேறுபாடு என்றால், எழுத்து முறை மாறும்போது கேட்கவே வேண்டாம்.

வாசிக்கிற கண்ணுக்கு முக்கியம் அந்த எண் அன்று; எழுத்து விழித்திரையில் பிடிக்கும் கோணம். உளவியலாளர் கார்டன் லெகியும் எழுத்துரு வடிவமைப்பாளர் சார்லஸ் பிகலோவும் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், எக்ஸ் உயரம் 0.2 பாகையிலிருந்து 2 பாகை வரை இருக்கும்போது தடையின்றி வாசிக்க முடிகிறது என்று காட்டினார்கள். 40 சென்டிமீட்டர் தொலைவில் பிடித்துப் படிக்கும் தாளில் 0.2 பாகை என்பது 1.4 மில்லிமீட்டர். டைம்ஸ் எழுத்துருவில் அது 9 புள்ளி அளவு. அதற்குக் கீழே போனால் வாசிப்பின் வேகம் சரசரவென்று குறைந்துவிடும்.

ஆனால் அந்தக் கணக்கு ரூமிக்கு உரியது. தமிழுக்கு அதை அப்படியே எடுத்துவர முடியாததற்கு நம் பள்ளிக்கூடத்துப் பாடமே சான்று. இரண்டு சுழி ‘ன’, மூன்று சுழி ‘ண’ என்று சொல்லித்தானே படித்தோம்? மனத்தையும் மணத்தையும் பிரிப்பது ஒரே ஒரு சுழி. சுழி என்பது மையைக்காட்டிலும் அதற்குள் சிக்கியிருக்கும் வெள்ளை இடம். எழுத்தைச் சிறிதாக்கினால் முதலில் மறைவது அந்த வெள்ளைதான். ‘ண’ வரும் இடத்தில் ஏறத்தாழ அதே அகலத்தில் ரூமியின் ‘எம்’ எழுத்தை வைத்துப் பார்த்தால் விளங்கும்: ‘எம்’முக்குள் மூன்று நேர்க்கோடுகளும் இரண்டு இடைவெளிகளும்தான். ணகரத்தில் கோடுகளும் கூடுதல், அவை வளைந்து மடங்குவதும் கூடுதல். ஆகவே தமிழின் உடல் உயரம் பல எழுத்துருக்களில் ரூமியின் சிறிய எழுத்தைவிடச் சற்றுக் கூடுதலாக இருந்தும், சிறிய அளவில் தமிழே முதலில் கலங்குகிறது.

மலேசியாவில் இதற்கு இன்னொரு சிக்கலும் உண்டு. கடைப் பெயர்ப்பலகைகளில் தேசிய மொழியே முதன்மையாகத் தெரிய வேண்டும் என்பது ஊராட்சி மன்றங்களின் விதி. அதனால் தமிழ் பெரும்பாலும் கீழ்வரிக்குப் போய்விடுகிறது. பலகை பல அடி அகலம் என்பதால் அங்கே பாதகம் குறைவு. அதே அடுக்குமுறையை ஆறங்குலத் திரைக்குப் பழக்கத்தால் கொண்டுவரும்போதுதான் ஆபத்து: கோடுகள் மிகுந்த எழுத்துக்கு மிகச் சிறிய அளவு கிடைக்கிறது.

அளவுச் சிக்கல் தமிழ் அச்சுக்குப் புதிதன்று. தரங்கம்பாடியில் மதபோதகர் சீகன்பால்குவின் அச்சகத்துக்காக ஜெர்மனியின் ஹாலே நகரில் தமிழ் எழுத்துகளை வார்த்து அனுப்பினார்கள். வந்து சேர்ந்தவை மிகப் பெரியவை. அந்த எழுத்தில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டால் இருக்கிற தாள் போதாது. அதனால் உள்ளூரிலேயே சிறிய எழுத்துகளை வார்த்துக்கொண்டு 1714-15-இல் அச்சிட்டு முடித்தார்கள். தாளும் வாசகரும் இருக்கும் இடத்தில்தான் சரியான அளவு தெரியவரும் என்பதை அந்த அச்சகம் 300 ஆண்டுகளுக்கு முன்பே கண்டுகொண்டது.

மேலும் கீழும்

உயரத்தோடு வருவது வரி இடைவெளி. ரூமியில் ‘எச்’, ‘எல்’ போன்ற சில எழுத்துகள் மேலே எழும். ‘ஜி’, ‘ஒய்’ போன்றவை கீழே இறங்கும். தமிழில் இந்த ஏற்ற இறக்கம் உயிர்மெய்க் குறிகளால் வருகிறது. கீ, றீ ஆகியவற்றில் மேல்விலங்கும் சுழியும் உச்சியைத் தொடும். மூ, ளூ, ழு ஆகியவற்றின் வால் அடிக்கோட்டுக்குக் கீழே நன்றாக இறங்கும். மேல்வரியின் ‘ழு’வும் கீழ்வரியின் ‘கீ’யும் நேருக்கு நேர் வந்துவிட்டால் இரண்டும் முட்டிக்கொள்ளும்.

ரூமிக்கு எழுத்தளவைப் போல் 1.4 அல்லது 1.5 மடங்கு வரி உயரம் வசதியாக இருக்கும். தமிழுக்கு 1.6-இல் தொடங்கி 1.8 வரை வைத்துப் பார்ப்பது நல்லது. பொத்தான்களிலும் தலைப்புப் பட்டைகளிலும் இன்னும் கவனம் வேண்டும். உயரத்தைக் கறாராகக் கட்டிப்போட்டு, மிஞ்சியதை மறைக்கும்படி எழுதப்பட்ட நிரலில் ‘கீ’யின் தலை வெட்டுப்பட்டு ‘கி’யாகிவிடும். ரூமியில் எழுத்தின் நுனி வெட்டுப்பட்டால் அழகு கெடும். தமிழில் பொருளே கெடும்.

அகலம்: பொத்தானுக்குள் அடங்காத சொல்

மலாயில் ‘சிம்பான்’ என்று ஆறு ரூமி எழுத்தில் முடிகிற பொத்தான், தமிழில் ‘சேமிக்கவும்’ ஆகிறது. தமிழ் எழுத்துகள் இயல்பாகவே அகலம். வேற்றுமை உருபும் வினை விகுதியும் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால் சொல்லும் நீளம். இதற்கு முதல் தீர்வு எழுத்துருவில் இல்லை, சொல்லில் இருக்கிறது. பொத்தானில் ‘சேமி’ என்றாலே போதும். அப்படியும் இடம் போதாதபோது சிலர் தமிழை மட்டும் பக்கவாட்டில் நசுக்குகிறார்கள். அதில் நிமிர்ந்த கோடுகள் மெலிந்து, படுத்த கோடுகள் அப்படியே தடித்து நிற்கும். ஒடுக்கமான தமிழ் தேவையென்றால், ஒடுக்கமாகவே வரையப்பட்ட எழுத்துருவை எடுக்க வேண்டும். எக் டைப் என்னும் எழுத்துரு வடிவமைப்புக் குழுவினர் 2022-இல் வெளியிட்ட ‘அனெக்’ குடும்பத்தில் தமிழ் உள்ளிட்ட இந்திய எழுத்து முறைகளுக்கும் ரூமிக்கும் ஒடுக்கம் முதல் அகலம் வரை படிப்படியாக மாற்றிக்கொள்ளும் வசதி இருக்கிறது.

வரியின் ஓரத்தில் சொல்லை எங்கே உடைப்பது என்பது அடுத்தது. பழைய அச்சுக்கோப்பாளர்கள் இதில் எழுதாத சட்டம் ஒன்று வைத்திருந்தார்கள்: புள்ளி வைத்த எழுத்தால் வரியைத் தொடங்கக் கூடாது. நாளிதழின் குறுகிய பத்தியில் சொல்லை எங்கே முறித்தாலும் ஒற்றை முந்தைய எழுத்தோடு சேர்த்தே வைப்பார்கள். கைப்பேசித் திரையும் நாளிதழ்ப் பத்தி அளவுதான். அந்தச் சட்டம் இன்றும் செல்லும். இரு ஓரங்களையும் நேர்படுத்தும் அமைப்பைத் தமிழுக்கு விட்டுவிடுவதே உத்தமம். நீளச் சொற்களுக்கு நடுவே பெரும் பள்ளங்கள் விழுவதைத் தவிர அதனால் கிடைப்பது ஒன்றுமில்லை.

வெட்டுவதில் இன்னொரு வகை உண்டு. ‘நிகழ்ச்சி’ என்ற சொல்லில் நமக்கு ஐந்து எழுத்து: நி, க, ழ், ச், சி. கணினிக்கு அது ஒன்பது குறிகள். மேல்விலங்கையும் புள்ளியையும் அது தனித்தனியே எண்ணுகிறது. எட்டுக் குறிக்கு மேல் காட்டாதே என்று நிரல் எழுதிவிட்டால் கடைசி மேல்விலங்கு உதிர்ந்து ‘நிகழ்ச்ச’ என்று நிற்கும். அறிவிப்புகளின் சுருக்கத்தில் இப்படிப்பட்ட சொற்களை அடிக்கடி பார்க்கலாம். குறிகளை எண்ணாமல் எழுத்துகளை எண்ணும் கருவிகள் இன்றைய நிரல்மொழிகளில் இருக்கின்றன. பயன்படுத்தினால் போதும்.

தடிமனும் சாய்வும்

ரூமியில் ஒரு சொல்லை எடுத்துக்காட்ட மூன்று வழிகள் உண்டு: பெரிய எழுத்தில் போடலாம், சாய்க்கலாம், தடிக்க வைக்கலாம். தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பாகுபாடே இல்லை. ஆங்கிலப் பக்கத்தில் எல்லாத் தலைப்பையும் பெரிய எழுத்தாக்கி அழகு பார்த்துவிட்டு அதே கட்டளையைத் தமிழ்ப் பக்கத்துக்குக் கொண்டுவந்தால் ஒன்றுமே நடக்காது. தலைப்பு உடல்பகுதியோடு கலந்துவிடும். அதோடு சேர்ந்து வரும் எழுத்திடைவெளி இன்னும் மோசம். சில மென்பொருள்களில் கால் தன் எழுத்தை விட்டு விலகித் தனியே நிற்கும்.

சாய்வெழுத்தும் நம் அச்சு மரபில் வேர்கொண்டதன்று. உண்மையான சாய்வு வடிவம் எழுத்துருவில் இல்லாதபோது உலாவி நேர் எழுத்தைத் தானே சரித்துவிடும். வட்டங்கள் எல்லாம் கோணிப்போகும். சாய்வு வேண்டுமென்றால், இலங்கையின் தாரிக் அஸீஸ் உருவாக்கிய ‘கவிவாணர்’ போல, கையெழுத்தின் சாய்வை மனத்தில் வைத்தே வரைந்த எழுத்துரு ஒன்றைத் தேடிக்கொள்ளலாம்.

தடித்த எழுத்திலும் இதே கதை. தடித்த வடிவம் இல்லாத எழுத்துருவை உலாவி தானே பூசித் தடிக்க வைக்கும். ணகரத்தின் சுழிகள் அடைபடுவது அப்போதுதான். நல்ல வடிவமைப்பாளர் தடித்த தமிழை வரையும்போது எழுத்தைச் சற்று அகலப்படுத்தி, உள்வெள்ளையைக் காப்பாற்றுவார். பிரியா ரவிச்சந்திரனின் ‘கேட்டமரான்’ எழுத்துருவில் மெல்லியதிலிருந்து மிகத் தடித்தது வரை ஒன்பது நிலைகள், தமிழுக்கும் ரூமிக்கும் சேர்த்தே. அந்த இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால் வரியில் எங்கும் கறுப்புத் திட்டு விழாது.

மலேசியா செய்த வேலை

எழுத்துருவை இப்படி அழகு பார்த்துத் தேர்வது அண்மைக்கால வசதி. முன்பு எழுத்துருவைத் தேர்வதென்றால் குறியேற்றத்தையே தேர்வதாகும். 256 அறைகளுக்குள் எல்லாம் அடங்க வேண்டும். அதில் பாதி ஆங்கிலத்துக்கு. 1999-இல் சென்னையில் கூடிய தமிழ்நெட் 99 மாநாடு இரண்டு தரங்களை முன்வைத்தது. ஆங்கிலமும் தமிழும் சேர்ந்து இயங்க ‘டேப்’. தமிழுக்கே எல்லா அறைகளையும் கொடுத்து அச்சு நேர்த்தியைக் கூட்ட ‘டேம்’. இருமொழி வேண்டுமா, நேர்த்தி வேண்டுமா என்று ஒன்றைத்தான் கேட்க முடிந்தது. யூனிகோடு அந்தக் கட்டாயத்தை ஒழித்தது. ஒவ்வோர் எழுத்து முறைக்கும் தனி இடம் கிடைத்ததால் ரூமி, ஜாவி, சீனம், தமிழ் எல்லாம் ஒரே வரியில் உட்கார முடிந்தது. தமிழ்நாடு அரசு அதை 2010-இல் ஏற்றது.

இந்தப் பயணத்தில் மலேசியாவின் பங்கு சிறிதன்று. முத்து நெடுமாறன் 1985-இல் தொடங்கிய ‘முரசு’ மென்பொருள் பிறகு ‘முரசு அஞ்சல்’ ஆகி, மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் ஒரு தலைமுறையின் தமிழ்த் தட்டச்சுக்கு வழியானது. 2005-இல் வந்த ‘செல்லினம்’ கைப்பேசிக்குள் தமிழைக் கொண்டுவந்தது. ஆப்பிள் கணினியின் எழுத்துருப் பட்டியலைத் திறந்தால் ‘தமிழ் எம்என்’, ‘தமிழ் சங்கம் எம்என்’ என்று இருக்கும். அந்த ‘எம்என்’ அவர் பெயரின் முதலெழுத்துகள். பட்டியலில் மேலும் தேடினால் வங்காளம், மலையாளம், கன்னடம், சிங்களம், லாவோ, கெமர், மியன்மார் எழுத்துருக்களிலும் அதே இரண்டு எழுத்து. பல எழுத்து முறைகளை ஒரே குடும்பமாக வரைவது எப்படி என்பதை உலகக் கணினிகளுக்குக் காட்டியவர்களில் மலேசியத் தமிழர் ஒருவரும் இருக்கிறார்.

யூனிகோடு வந்துவிட்டதால் எல்லாம் தானே நடந்துவிடாது. ‘தொகை’ என்று எழுதும்போது கோப்பில் தகரம் முதலில், ஒகரக் குறி அதன்பின் இருக்கும். அந்தக் குறியைப் பிளந்து கொம்பை முன்னேயும் காலைப் பின்னேயும் வைப்பது திரைக்குப் பின்னால் இயங்கும் ஓர் இணைப்பு நிரலின் வேலை. உலாவிகள் இதை ஒழுங்காகச் செய்கின்றன. படம் வரையும் சில மென்பொருள்களில் தெற்காசிய எழுத்துகளுக்கான அமைப்பைத் தேர்ந்தால்தான் அது இயங்கும். தேராமல் விட்டால் கொம்பு இடம் மாறி, புள்ளிவட்டம் முளைத்து நிற்கும். சுவரொட்டிகளில் தமிழ் சிதைவதற்கு மொழிபெயர்ப்பாளரைக் குற்றம் சொல்கிறோம். பல நேரம் குற்றவாளி இந்த ஒரு தேர்வுதான்.

ஐந்து நிமிடச் சோதனை

எந்த எழுத்துருவை எடுப்பது என்று ஒற்றைப் பெயர் சொல்ல முடியாது. எதை எடுத்தாலும் இந்த ஊருக்குப் பொருந்துகிறதா என்று ஐந்து நிமிடத்தில் சோதித்துவிடலாம்.

முதலில் ‘ஜாலான்’ என்று எழுதுங்கள். மலேசிய முகவரியில் அந்தச் சொல் வராத வரி அரிது. தமிழ்நாட்டு உரைநடையை மட்டும் மனத்தில் வைத்து வரைந்த சில எழுத்துருக்களில் ‘ஜ’ மற்ற எழுத்துகளைவிடக் கறுத்துத் துருத்திக்கொண்டு நிற்கும். அடுத்து ‘காரம்’. காலும் ரகரமும் பக்கத்துப் பக்கத்தில் வருகின்றன. இரண்டும் பிரிந்து தெரிய வேண்டும். பிறகு ‘கௌரி’. பலர் கொம்பும் ளகரமும் போட்டு ‘கெளரி’ என்று தட்டிவிடுகிறார்கள். பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும், தேடலில் அகப்படாது. அதற்கும் பிறகு ‘மூளை’, ‘கண்ணீர்’, ‘ஹாஜி’, ‘ஸ்ரீ’. கடைசியாக ‘சாஆ’. சொல்லின் நடுவிலோ இறுதியிலோ உயிரெழுத்து வருவது தமிழில் அளபெடையைத் தவிர அரிது. அதனால் காலுக்குப் பின் ஆகாரம் வந்தால் எவ்வளவு இடம் விடுவது என்று பல எழுத்துருக்கள் யோசித்திருக்காது. ஒட்டினாலும் பிளந்தாலும் ஊர்ப் பெயர் பழுது.

இந்தச் சொற்களை 14 பிக்சலில், மலாய் வரி ஒன்றின் கீழே வைத்துக் கைநீட்டும் தூரத்தில் பாருங்கள். தமிழ் கலங்கினால் அதன் அளவை மட்டும் பத்து விழுக்காடு கூட்டுங்கள். எழுத்துரு ஒன்றை மட்டும் பெரிதாக்கிக் காட்டும் வசதி இணையப் பக்கங்களின் வடிவ நிரலில் இருக்கிறது. பக்கத்தில் எந்தப் பகுதி தமிழ், எது மலாய், எது சீனம் என்று குறியிட்டுவிட்டால் ஒவ்வொன்றுக்கும் தனி அளவு, தனி வரி இடைவெளி கொடுக்கலாம். அத்துடன் தமிழ் எழுத்துருவைப் பக்கத்தோடு சேர்த்தே அனுப்புங்கள். இல்லாவிட்டால் வின்டோஸ் நிர்மலாவையும் ஆண்ட்ராய்டு நோட்டோவையும் ஐபோன் சங்கத்தையும் எடுத்துக்கொள்ளும்; ஒரே அறிவிப்பு மூன்று வீட்டில் மூன்று விதமாக விரியும்.

வேலையின் வரிசையையும் மாற்ற வேண்டும். இன்று பெரும்பாலும் ஆங்கிலத்திலோ மலாயிலோ பக்கத்தைக் கட்டி முடித்துவிட்டுக் கடைசி நாளில் தமிழை ஊற்றுகிறார்கள். தமிழை முதலில் வையுங்கள். மிக நீளமான சொல், மிக உயர்ந்த மேல்விலங்கு, மிகத் தாழ்ந்த வால், மிக நெருங்கிய சுழி எல்லாம் தமிழில் இருக்கின்றன. தமிழுக்கு இடம் கொடுத்த பொத்தானில் ரூமியும் சீனமும் தாராளமாக அடங்கும். எதிர்த்திசையில் அது நடக்காது.

மலேசியாவில் 500-க்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அவற்றின் அறிவிப்பும் அட்டவணையும் இன்று பெற்றோரின் கைப்பேசிக்கே போகின்றன. அதைச் செய்கிற ஆசிரியர்களும் கோயில் நிர்வாகத்தினரும் வடிவமைப்பாளர்களும் ஒன்றை நினைவில் வைத்தால் போதும்: மேலே சொன்ன எழுத்துருக்களில் நோட்டோவும் கேட்டமரானும் அனெக்கும் கவிவாணரும் இலவசம், யூனிகோடு நிலைத்துவிட்டது, உலாவிகள் தமிழை ஒழுங்காகவே கோக்கின்றன. கருவியைக் குறை சொல்ல இனி வழியில்லை. வெளியிடுவதற்கு முன், தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் ஒரு சாதாரணக் கைப்பேசியைக் கொடுத்து ஒருமுறை படித்துக் காட்டச் சொல்லுங்கள்.